கட்டிப்பிடி டோனிக்கு எத்தனை மதிப்பெண்?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி வழியில் இரக்கம் என்ற சொல் வரும். அப்போது நீங்கள் என்னை நல்ல மனசுக்காரர் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்கள் லிதுவேனியக் கோவிலின் கீழ்த்தளக் கூடத்தில் வறுத்த மீனும் பிளீனியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் சுடுகிற அடை அது. பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் அது இல்லாமல் நோன்பு நோன்பாகாது.) பக்கத்து மேசையில் மூன்று பெரிய மனிதர்கள், செத்துப்போய் நெடுங்காலமான ஒருவருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அட்டையில் எழுதுவார், ஒருவர் தலையாட்டுவார், மூன்றாமவர் மீனுக்கு எலுமிச்சை பிழிவார். செத்தவரின் மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கோபத்தை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று எங்கள் பங்குச்சாமி சொல்வார். நான் வாசகரிடம் ஒப்படைக்கிறேன். அவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறார்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“கரித்தூசி படிந்த மலைகளுக்கு நடுவே ஒரு சிங்கம் கர்ஜித்தது. அதன் இடது கை மின்னல், வலது கை—”

நிறுத்திவிட்டேன். இது என் நடை இல்லை, ரஸ்ஸல் டீட்ஸின் நடை. எங்கள் ஊர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை முடி நரைக்கும்வரை எழுதியவர் அவர். அவர் பேனாவில் பிறந்த சிங்கங்களை எல்லாம் ஒரே இடத்தில் அடைத்தால் எங்கள் மாவட்டம் தாங்காது.

இரண்டாவது தொடக்கம்:

“திரையில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான்.”

இதை வைத்துக்கொள்கிறேன். உயிரோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அன்டனாஸ் குடைட்டிஸ் தன் வாழ்நாளில் எத்தனையோ சண்டைகள் போட்டார். ஐரிஷ் பெயர் இருந்தால்தான் கூட்டம் வரும் என்பதால் மேடையில் அவர் டோனி கில்ப்ரைட். அத்தனை சண்டைகளில் படமாக மிஞ்சியது இரண்டு நிமிடம். 1921-இல், ஐவர் புரோதரோ என்ற வேல்ஸ்காரச் சுரங்கத் தொழிலாளியோடு போட்ட சண்டையின் கடைசிப் பகுதி. அந்த இரண்டு நிமிடமும் டோனி எதிராளியைக் கட்டிக்கொண்டே நிற்கிறார். ஊர்த் திரையரங்கில் அது ஓடியபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் கட்டிப்பிடி டோனி.

3

இனி அந்த மூவர் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். (ஒரு பத்தியில் முடிக்கிறேன். அதற்கு மேல் அவர்களுக்கு இடம் கொடுத்தால் என் ஆத்துமாவுக்கு நல்லதல்ல.)

கூடத்தின் கிழக்குச் சுவரில் ஊர்க் குத்துச்சண்டை வீரர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. யாருக்குத் தகடு என்று தீர்மானிப்பது குழு. தலைவர் டீட்ஸ். அடுத்தவர் பல் மருத்துவர் ஃபிரான்சிஸ் மெக்ஹேல். மூன்றாமவர் டீட்ஸ் கை தூக்கினால் கை தூக்குபவர்; அவருக்குப் பெயர் வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மூவரும் யாரிடமும் ஒரு குத்தும் வாங்கியதில்லை. ஆனால் மதிப்பெண் அட்டை வைத்திருக்கிறார்கள்: இடது கை, வலது கை, கால் அசைவு, தாடை பலம், நெஞ்சுரம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை.

மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் இந்தக் கூடத்துக்கு வந்தால், தாடை பலம் என்ற இடத்தில் அவருக்கு எவ்வளவு போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பாதகமில்லாத எண்ணாகத்தான் இருக்கும். இடது கைக்கு எதுவும் தேறாது.

சுவரில் முதல் தகடு ஜாக் ஃபீனிக்கு. அவர் சண்டை போட்டதைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை, படமும் இல்லை. ஃபீனியின் குத்து தேவாலய மணியைப்போல ஒலித்தது என்று எவனோ ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். அவன் அன்று மேடைக்குப் பக்கத்தில் இருந்தானா, சாராயக்கடையில் இருந்தானா என்று யாருக்குத் தெரியும்? ஃபீனிக்கு எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து.

4

டோனியின் மகள் வெர்னாவை எப்படி எழுதுவது என்பதில் தடுமாறிவிட்டேன். முதல் பிரதியில் அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். பொய். அறுபதைத் தாண்டிய வெர்னா குடைட்டிஸ், அப்பாவின் அடக்கத்தன்றுகூட வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அந்தச் சுவரில் ஒரு தகடு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பின்னாலிருந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, ‘மணி அடிச்சாச்சு, விடு’ என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே வேலியோரம் நடந்து போவார். தகடு வந்தால் அந்தச் சத்தம் நிற்கும் என்று அவள் நம்பினாள். சுவரில் பழைய காலத்து வீரர்களுக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதோடு அந்தப் பகுதியை மூடுவதாகக் குழு சொல்லிவிட்டது.

திரையரங்கை இழுத்து மூடியபோது அந்த நைந்த சுருளிலிருந்து ஒரே ஒரு பிரதி எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, மூலத்தை எறிந்துவிட்டார்கள். தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். அன்று அதைக் கூடத்துக்கு எடுத்துவந்தாள்.

5

மேசைகளை ஒதுக்கி, திருமறை வகுப்புக்கு வைத்திருக்கும் படக்கருவியில் சுருளை மாட்டினார்கள். பழைய படம், ஓட வேண்டிய வேகத்தைவிட வேகமாக ஓடியது. இரண்டு கோழிகள் ஒரு சாக்குக்குள் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. பெயரில்லாதவர் சிரித்தார். டீட்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கோவிச்சுக்காத வெர்னா. உங்கப்பா சண்டைக்குப் போனாரா, கல்யாண வீட்டுல போல்கா ஆடப் போனாரா?”

“உன் கல்யாணத்துல நீ ஆடுனத நானும் பாத்தேன் ரஸ்,” என்றாள் வெர்னா. “அதுக்கு இது எவ்வளவோ மேல்.”

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். மெக்ஹேல் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெர்னா எழுந்துபோய்க் கருவியின் வேகத்தைக் குறைத்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள்.

“இந்தத் தடவ எங்கப்பாவப் பாக்காதீங்க. அவரப் பாக்க நான் இருக்கேன். நீங்க அந்த ஆளப் பாருங்க. காலப் பாருங்க.”

மெதுவாக ஓடியது படம். கோழிகள் மனிதர்களாயின. டோனியின் தோளில் புரோதரோவின் தலை கிடந்தது. புரோதரோவின் காலணிகளின் நுனி பலகையில் இழுபட்டுக்கொண்டு போனது. ஒருமுறை முழங்கால் மடிந்தது. டோனியின் கை அக்குளுக்கடியில் போய் அவரைத் தூக்கி நிறுத்தியது. நடுவர் விலக்க வந்தபோது டோனி புரோதரோவைத் தன்னோடு சேர்த்து மெல்ல மறுபக்கம் திருப்பினார். மணி அடிக்கும்வரை அப்படியே.

“அந்த ஆளு நிக்கவே இல்லையே,” என்றார் மெக்ஹேல்.

(வெளியூர் வாசகருக்கு: அந்தக் காலத்தில் எங்கள் மாநிலச் சட்டப்படி நடுவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடைசி மணியின்போது இருவரும் காலில் நின்றால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. யார் ஜெயித்தது என்று மறுநாள் பத்திரிகைக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வார்கள். நின்றவனை அடுத்த மாதமும் சண்டைக்குக் கூப்பிடுவார்கள். விழுந்தவனைக் கூப்பிடமாட்டார்கள், அவன் சுரங்கத்துக்குள் திரும்ப வேண்டியதுதான்.)

6

இந்த இடத்தில் புரோதரோவின் மகனைக் கொண்டுவரலாம் என்று ஆசைப்பட்டேன். கொண்டும் வந்தேன். சாம்பல் நிறக் கோட்டு ஒன்று கொடுத்து, கதவோரம் நிற்கவைத்து, “எங்கப்பா சாகுறவரைக்கும் அந்த மனுஷன் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவாரு” என்று சொல்லவைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன். இரக்கத்துக்குச் சாட்சி தேடினால் அது வழக்காகிவிடும். டீட்ஸ் குறுக்கு விசாரணை செய்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓர் இடத்தில் டோனியின் உதடு அசைகிறது, புரோதரோவின் காதருகே. அங்கே ஒரு வசனம் எழுதிவைத்திருந்தேன்:

[“இன்னும் கொஞ்ச நேரம்தான்யா. எம்மேல சாஞ்சுக்க.”]

அதை எடுத்துவிட்டேன். நீங்கள் படித்தது கணக்கில் சேராது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கெட்ட வார்த்தைகூடச் சொல்லியிருக்கலாம். ஆளைத் தூக்கி நிறுத்துகிறவன் இனிமையாகப் பேசியாக வேண்டும் என்று எந்த வேதத்திலும் இல்லை.

7

டீட்ஸ் மூக்குக்கண்ணாடியை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனம் மாறுகிறது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் விதிமுறையை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

“சரி, ஒத்துக்கிறேன். விழ வேண்டியவன விழவிடாமப் புடிச்சிருக்காரு. அதுக்கு எங்க தொழில்ல என்ன பேரு தெரியுமா வெர்னா? பேசிவெச்ச சண்ட. ஜெயிக்கப் பாக்காம சண்ட போட்டவனுக்குத் தகடு கிடையாது. இது நான் போட்ட விதி இல்ல.”

(அவர் போட்ட விதிதான்.)

ஆக, பயத்தில் கட்டிப்பிடித்திருந்தால் டோனிக்குத் திறமை இல்லை. இரக்கத்தில் கட்டிப்பிடித்திருந்தால் நேர்மை இல்லை. எப்படிப் பார்த்தாலும் தகடு இல்லை. இவ்வளவு கச்சிதமாக ஒரு நல்ல மனிதனை வெளியே நிறுத்தும் அட்டையைப் பிசாசு தனியாக உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. குழு ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

வெர்னா சுருளைக் கழற்றித் தகரப் பெட்டியில் வைத்தாள். மூடியை அழுத்தி மூடினாள்.

அப்போதுதான் டீட்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். பத்திரிகை நறுக்குகளை எல்லாம் தானும் படித்திருப்பதாகச் சொன்னார். டோனியின் இடது கையைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாக எழுதியிருக்கிறார்கள், அதை வைத்தே மதிப்பெண் போட்டுவிடலாம், இன்றைக்கே கை தூக்கிவிடலாம் என்றார். ஒரே ஒரு தடை.

“இந்தப் படம் இருக்கக் கூடாது. ஃபீனிக்கு ஒரு அடி நீளப் படம்கூடக் கிடையாது வெர்னா. அதனாலதான் அவன் ஃபீனி.”

“இருக்கக் கூடாதுன்னா?”

“எங்கிட்டக் குடுத்துடு. நான் பாத்துக்கறேன். நாளைக்கு எவனாவது இதப் பாத்துட்டுச் சிரிச்சா தகடு போட்ட எங்க மூஞ்சி என்னாகும்? உங்கப்பா மூஞ்சியும்தான் என்னாகும்?”

இந்த இடத்தில் என் பேனா தயங்குகிறது. டீட்ஸைக் கடைசிவரை வெறுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் அதைச் சொன்னபோது முகத்தில் கேலி இல்லை. தன்னிடம் இருக்கும் ஒரே பொருளை, ஒரு பித்தளைத் தகட்டை, பழைய பள்ளித் தோழிக்குக் கொடுக்கப் பார்த்தார். அதுவும் ஒரு சின்ன அன்புதான் என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை.

8

முடிவுகள் மூன்று எழுதியிருக்கிறேன்.

ஒன்று. வெர்னா பெட்டியைக் கொடுத்துவிடுகிறாள். ஈஸ்டருக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை தகடு ஏறுகிறது. ஊர் கை தட்டுகிறது. டோனி கில்ப்ரைட் என்ற சிங்கத்தைப் பற்றி டீட்ஸ் நீளமாகப் பேசுகிறார். கட்டிப்பிடி என்ற சொல்லை அதன்பின் யாரும் சொல்வதில்லை. அவள் அப்பா ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்தியதைப் பார்க்க உலகத்தில் இனி வழியில்லை.

இரண்டு. கொடுக்காமல் எழுந்து போய்விடுகிறாள். கடைசி இடம் வேறொரு சிங்கத்துக்குப் போகிறது. அவள் வீட்டுச் சுவரில் ஒரு படுதாவைக் கட்டி, தனியாக உட்கார்ந்து, மெதுவான வேகத்தில் படம் பார்க்கிறாள். உண்மை அவளிடம் இருக்கிறது. ஊர் சிரித்துக்கொண்டே இருக்கிறது.

மூன்று. மெக்ஹேல் எழுந்து, “நானும் பாத்தேன், அந்த மனுஷன் செஞ்சதுதான் பெருசு” என்று சொல்ல, குழு வெட்கித் தலைகுனிய— இதைக் கிழித்துப் போட்டேன். மெக்ஹேல் எழுந்து பேசமாட்டார். காலமெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர்.

மற்ற இரண்டில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். சொல்லமாட்டேன். சொன்ன மறுகணம், அவள் செய்தது சரி அல்லது தவறு என்று என் வாக்கியம் ஒரு பக்கம் சாயும். இவ்வளவு நேரம் மூன்று பேரை ஏளனம் செய்துவிட்டு, அந்த மேசையில் நான்காவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆகவே இதோடு நிறுத்துகிறேன். டீட்ஸின் கை நீண்டிருக்கிறது. வெர்னா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அவள் உதடு அசைகிறது. கூடத்தில் தட்டுகள் கழுவும் சத்தம்.

அவளைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கப்போவது இவ்வளவுதான். இதைவிடக் குறைவாகப் பார்த்துவிட்டு ஃபீனிக்குப் பத்துக்குப் பத்து போட்டார்கள், அதனால் கூச்சப்படாதீர்கள். உறுதி, விசுவாசம், பாசம், புத்தி என்று உங்களிடமும் ஓர் அட்டை இருக்கும். எடுத்து எழுதுங்கள். எழுதுமுன், விழுகிறவனைத் தாங்கிப் பிடிப்பதற்கு அதில் ஓர் இடம் விட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.