ஆறுக்கு ஐந்து

காலை மணச் சோதனையில் போட்ட நான்கை மூன்றாக மாற்றச் சொல்லி, தங்கமாரியின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார் மேற்பார்வையாளர் ரகுபதி. வேலை முடிந்து விருந்தினர் விடுதியின் படியேறும்போதும் விடவில்லை.

"அஞ்சு பேரு மூணு போட்டுகிறோம். உனுக்கு மட்டும் இன்னா தனி மூக்கா? லாட்டு நின்னா லைனே நிக்கும்மா."

"எனக்கு நாறுது சார். மூக்கு என்ன ஓட்டா போடுது, மெஜாரிட்டி பாக்கதுக்கு?"

"சார், அவ தூத்துக்குடிக்காரி. வுட்ருங்க, கடலக் கொண்டாந்து கவுத்துடுவா" என்று பின்னாலிருந்து சிரித்தாள் ஜெயலட்சுமி.

ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கான ஃபோம் செய்யும் தொழிற்சாலை அது. ஃபோம் துண்டைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்துச் சூடாக்குவார்கள். பிறகு மூடியைச் சற்றே திறந்து முகர்ந்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட வேண்டும். அதற்கென்று ஆறு பேர்; ரகுபதியும் ஜெயலட்சுமியும் அதில் உண்டு. ஒன்று என்றால் வாசனையே இல்லை. மூன்று என்றால் தெரிகிறது, தொந்தரவில்லை. நான்கு என்றால் தொந்தரவு. ஒருவர் நான்கு போட்டாலும் அந்தச் சரக்குத் தொகுதி, அதாவது லாட், வெளியே போகாது, தலைமையகத்திலிருந்து வந்தவர் அந்த எண்ணைத் தள்ளுபடி செய்தாலொழிய.

வந்திருந்தவர் கிளேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. தங்கமாரியின் நான்கு நிற்குமா என்று மறுநாள் முடிவு சொல்வதாக இருந்தார். அன்று மாலை, தன் ஊரிலிருந்து கொண்டுவந்த மூன்று சிவப்பு ஒயின் பாட்டில்களை மேசையில் வைத்து ஆறு பேரையும் அழைத்திருந்தார்.

"ஒரே தோட்டம். வெவ்வேறு மூன்று ஆண்டுகள்" என்றார். ஆண்டு தெரியாதபடி பாட்டில்களுக்குத் துணி சுற்றியிருந்தார். "முகருங்கள், வாயில் வைத்துப் பாருங்கள், துப்பிவிடுங்கள். ஆறுக்கு எண் போடுங்கள். உங்களுக்குப் பழக்கமானதுதானே."

"துப்பணுமா! எங்க வூட்டுக்காரரு பாத்தார்னா அழுதுடுவாரு" என்றாள் ஜெயலட்சுமி.

தங்கமாரி இதுவரை ஒயினை முகர்ந்ததுகூட இல்லை. முதல் கோப்பை லேசான புளிப்பு. வாயைவிட்டுப் போனதும் வந்த சுவடில்லை. இரண்டு என்று எழுதினாள். அடுத்தது நாவற்பழம் தின்ற நாக்கைப்போல் பிடித்து இழுத்தது. நான்கு. மூன்றாவதில் முதலில் பழம் வந்தது, பிறகு ஈரத் தோல், பிறகு அணைத்த விறகு. துப்பினாள். போகவில்லை. தண்ணீர் குடித்தாள். அப்போதும் தொண்டைக்கு மேலே எங்கோ உட்கார்ந்திருந்தது. ஐந்து.

சீட்டுகளைப் பிரித்துப் பார்த்த கிளேர், தங்கமாரியின் சீட்டில் நின்றார். துணிகளை அவிழ்த்தார். முதலாவது 2013. அந்த ஆண்டு எங்கள் பக்கம் குளிரும் மழையுமாகப் போய்ப் பழம் சரியாகப் பழுக்கவில்லை என்றார். இரண்டாவது 2016. மூன்றாவது 2010.

"இரண்டு, நான்கு, ஐந்து. நானும் இதையேதான் போட்டிருப்பேன்!" ரகுபதியின் பக்கம் திரும்பினார். "இந்த மூக்கு போட்ட எண்ணையா சந்தேகப்பட்டீர்கள்?"

எல்லாவற்றுக்கும் நான்கு போட்டிருந்த ரகுபதி, தன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தங்கமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கிளேருக்கு ஆறு என்பது முழு மதிப்பெண். அவளோ பழக்க தோஷத்தில் தொந்தரவை அளந்து போட்டிருந்தாள். பேசாமல் இருந்தால் போதும். நாளை அவள் எண் நிற்கும்.

பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தை சொன்னதே அதுதான்: "எங்க தங்கம் இருக்கிற இடமே தெரியாது." அந்த ஒரு வாக்கியத்தில் கல்யாணம் முடிவானது. புகுந்த வீட்டிலும் அதே பெயரை வாங்கினாள். இந்த வேலைக்கு வந்தபின், முகர்வதற்கு இடைஞ்சல் என்று பூவும் பவுடரும்கூடப் போயின. வாழ்க்கை முழுக்க, வாசனையே இல்லாத அந்த 'ஒன்று' என்ற எண்ணையே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இன்று காலை போட்ட நான்கில்தான் அவள் இருக்கிற இடம் நாலு பேருக்குத் தெரிந்தது. அது நிற்க வேண்டும். ஆனால் தன் காலிலேயே நிற்க வேண்டும்.

"மேடம், நான் போட்டது பாராட்டு இல்லை" என்றாள் ஆங்கிலத்தில். "எங்கள் கணக்கில் ஐந்து மோசம். இரண்டு போட்டதுதான் நல்லது என்று நினைத்தேன். அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை."

சொல்லி முடித்தபோது, அத்தையின் குரல் தன் வாயிலிருந்தே வந்ததுபோல் இருந்தது.

"அதான பாத்தேன்!" என்றார் ரகுபதி.

கிளேர் சிரிக்கவில்லை. "நீயும் நானும் ஒரே அளவைத்தான் முகர்ந்திருக்கிறோம். விரும்புவதுதான் வேறு" என்றார் யோசித்தபடி. "ஆனால் ஒயினை வைத்து ஃபோமுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நாளைக் காலை பெயரில்லாத குடுவைகள். எல்லோரும் மறுபடி முகருங்கள். சம்மதமா?"

"சம்மதம்."

"மறுபடியும் நாலு வந்தா?" ரகுபதி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நாலுதான் சார். மூணு வந்தா மூணுன்னும் நானே சொல்லுதேன்."

இனி துப்ப வேண்டாம், பிடித்ததைக் குடியுங்கள் என்று கிளேர் புதிய கோப்பைகளை எடுத்துவைத்தார். தங்கமாரியின் கை முதல் பாட்டிலிடம்தான் போனது. தொடுவதற்குள் நின்றது. நாக்கில் மூன்றாவது இன்னும் இருந்தது. தொந்தரவு செய்துகொண்டுதான் இருந்தது. அது போய்விடக்கூடாது என்று நினைப்பதைத் தானே கவனித்தாள்.

2010-ஐ எடுத்தாள். ஊற்றவில்லை. மேசையில் கிடந்த தக்கையை அதன் வாயில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"நாளைக்கு எனக்கு மூக்கு வேண்டும். டெஸ்ட் முடிந்ததும் வந்து இதைக் குடிப்பேன்."

"அதற்குள் கொஞ்சம் மாறிவிடும்" என்றார் கிளேர்.

"மாறட்டும்."

ஜெயலட்சுமி குனிந்து பாட்டிலை முகர்ந்தாள். "அடியே, மூடுனாலும் வருதுடி!"

"வரட்டும்க்கா" என்றாள் தங்கமாரி.