எந்த ஆபரேஷன் என்று கேட்பவர்களுக்கு

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளொளி, தரிசனம் எதுவும் இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். பெயர் ஹேமந்த். திருநங்கையர் சிறப்பிதழ் கொண்டுவருகிறார்.

“வாசகர் அழணும் சார். ஆனா நம்பிக்கையோட முடியணும். உங்க நக்கலை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க.”

ஓட்டலில் தோசை சொல்வது போலச் சொன்னார். முறுகலாக, எண்ணெய் கம்மியாக. வேறு நேரமாக இருந்தால் மறுத்திருப்பேன். அந்த வாரம் பழவேற்காட்டிலிருந்து எனக்கு ஒரு கோபம் வந்து சேர்ந்திருந்தது. எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

தொடக்கம், முதல் முயற்சி: “பழவேற்காடு ஏரியின்மீது செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி –”

அடித்துவிட்டேன். எழுத்தாளர்கள் இந்த ஏரியின்மீது உதிக்க வைத்த சூரியன்களைப் பார்த்துப் பார்த்துப் பூநாரைகளுக்கே அலுத்துப்போயிருக்கும்.

இரண்டாம் முயற்சி: “ஆணின் உடலுக்குள் சிறைப்பட்டிருந்த ஒரு பெண் –”

இதை ஐஸ்வர்யாவிடம் படித்துக் காட்டினேன். கதை அவளுடையது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு வரியையும் தனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.

“சிறையா? யாருணா என்னை ஜெயில்ல போட்டது?” என்றாள். “ஒடம்பு எங்கூடவே பொறந்தது. அது பாவம், அது இன்னா பண்ணும். பேஜார் பண்றது ஊருணா. ஊர எழுது.”

மூன்றாம் முயற்சி, அடிக்கப்படாதது: ஐஸ்வர்யாவுக்கு இருபத்தொன்பது வயது. ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இறால் பிடிக்கிறாள். அவளுக்கு ஏரியில் பாடு* உண்டு. அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறாள். எந்தச் சிகிச்சை என்பதைப் பொறுத்துத்தான் பாடு நிற்கும் அல்லது போகும் என்று ஊர் சொல்லிவிட்டது.

இவ்வளவுதான் கதை. சிறப்பிதழுக்குப் போதாது. கோபப்படுவதற்குத் தாராளமாகப் போதும்.

(* பாடு: ஏரியில் எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் சுத்து வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. தலைக்கட்டு என்றால் ஆண். ஐஸ்வர்யாவின் சீட்டு அவள் நைனா கங்காதரன் கண் மங்கியபோது ‘மகனுக்கு’ விட்டுக்கொடுத்தது. குப்பத்தின் பெயரை எழுதவில்லை. கோட்டைக்குப்பம் இல்லை, பசியாவரமும் இல்லை. தேடாதீர்கள்.)

2

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் சிவசங்கர் என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர், கெட்டிக்காரர் என்பது அவருக்கே முதலில் தெரிந்துவிட்டது, அதுதான் சிக்கல். மூன்று வழிகளை ஐஸ்வர்யாவுக்கு விளக்கினார். நானும் நேராகவே எழுதுகிறேன். பூடகமாக எழுதினால் பண்பாடு என்பார்கள், எனக்கு அது வேண்டாம்.

சின்னது: விரைகளை மட்டும் எடுப்பது. சீக்கிரம் ஆறும்.

பெரியது: உள்ளே வழியோடு பெண்ணுறுப்பு அமைப்பது. ஆறும்வரை நெடுநாள் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதன் பிறகும் அதற்கென்று உள்ள கருவியை முறையாக உள்ளே வைத்து எடுத்துவர வேண்டும். விட்டுவிட்டால் வழி சுருங்கிக்கொள்ளும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று: வெளியே பெண்ணுறுப்பு, உள்ளே வழி கிடையாது. கருவி வேலை இல்லை.

[இந்த இடத்தில் ஏரியின் முகத்துவாரம் மணல் மூடுவதையும், தூர் வாருவதையும் வைத்து அருமையான உவமை ஒன்று எழுதியிருந்தேன். ஹேமந்த் போனிலேயே கைதட்டினார். ஐஸ்வர்யா முழுவதையும் கேட்டாள். பிறகு, “ஏன்ணா, உன் ஆபரேஷனுக்கு யாராச்சும் ஏரிய இட்டாந்து பக்கத்துல வெச்சாங்களா?” என்றாள். எனக்கு நடந்தது குடலிறக்கம். யாரும் எதையும் வைக்கவில்லை. உவமையை எடுத்துவிட்டேன்.]

டாக்டர் கேட்டார்: “கல்யாணம் பண்ணிக்கிற ஐடியா இருக்கா?”

“இன்னாத்துக்கு சார்?”

“அதை வச்சுத்தான் ஆழம் எவ்வளவு வேணும்னு முடிவு பண்ணணும்.”

“வர்றவன் இன்னா சார், படகு வுட வர்றானா?”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். “நீங்க மீனவர். தினமும் தண்ணில நிக்கிறீங்க. வீட்டுல தனி ரூம் இருக்கா? சுத்தமான தண்ணி இருக்கா? உங்க லைஃப்ஸ்டைலுக்குச் சின்னதே போதும்.”

வீட்டில் தனி அறை இல்லை என்பது உண்மை. நல்ல தண்ணீர் லாரியில் வருகிறது என்பதும் உண்மை. ஆகவே அந்த வீட்டுக்காரிக்குச் சின்ன உடம்பே போதும் என்று முடிவாகிவிட்டது. தண்ணீர் லாரி அடிக்கடி வரவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அறுவை சிகிச்சை என்பது ஏழைகளை வீட்டின் அளவுக்கு வெட்டுவது என்று நான் –

வேண்டாம். இது கட்டுரை வாக்கியம். விட்டுவிடுகிறேன்.

3

சென்னையில் அவளை மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை ருக்கு அம்மா சொன்னது: “பெருசு பண்ணிக்கோடி. அரைகொறையா செஞ்சிட்டு நாளிக்கி எங்கிட்ட வந்து அழாத.”

ஹேமந்த் சொன்னது: “பெரியதுதான் சார் முழுமை. வாசகருக்கும் அதுதான் நிறைவா இருக்கும்.” வாசகருக்கு நிறைவாக இருக்க ஒருத்தி மேஜையில் படுக்க வேண்டுமாம்.

பக்கத்து வீட்டுச் சின்னதம்பி சொன்னது: “எதுக்கு வம்பு, பாட்ட வுட்டுட்டு காட்டுப்பள்ளி ஹார்பர் பக்கம் எதுனா வேலைக்கு போயேன்.”

எல்லாருக்கும் அவள் இடுப்புக்குக் கீழே கருத்து இருந்தது. எனக்கும் ஒன்று இருந்தது. சொல்லவில்லை. அதற்காக யாரும் மாலை போட வேண்டாம்.

4

சகாதேவனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ஊர்த் தலைவர் அவர். கதைக்கு வில்லன் தேவை என்று, “மீசையை முறுக்கியபடி சகாதேவன் –” என்று ஆரம்பித்தேன். அவருக்கு மீசையே கிடையாது. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஐஸ்வர்யாவின் அம்மாவுக்குப் பாடை கட்டியது அவர்தான். வில்லனிடம் கோபப்படுவது சுலபம். நல்லவர்களிடம் கோபப்படத்தான் உழைக்க வேண்டியிருக்கிறது.

கங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஐஸ்வர்யாவின் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அது இங்கே அச்சாகாது.

“பாரு தம்பி,” என்று ஆரம்பித்தார் சகாதேவன்.

“தம்பி இல்ல பெரிப்பா.”

“சரி, பாரும்மா தம்பி. சின்ன ஆபரேஷன்னா ஊருக்கு ஆட்சேபணை கெடையாது. அந்தக் காலத்து கேம்ப்புல குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கினவன்லாம் ஆம்பள இல்லன்னா, இங்க குந்திக்கினு கீற பாதிப் பேரு வலைய சுருட்டிக்கினு போவணும்.”

பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள்.

“பெரிய ஆபரேஷன்னா நீ பொம்பள. நல்லா இரு, நாங்க வாழ்த்தறோம். ஆனா பொம்பளைக்கு பாடு இல்ல. இது நான் போட்ட சட்டம் இல்ல.”

“நடுவுல ஒண்ணு கீது பெரிப்பா,” என்றாள் ஐஸ்வர்யா. அது என்னவென்று விளக்கினாள்.

சட்டம் திகைத்துப்போனது. கடைசியில் பிரபாகரன் எழுந்தான். பட்டதாரி, எந்தக் கூட்டத்திலும் தீர்வோடுதான் எழுவான். “அப்போ அரைப் பாடு குடுக்கலாம்.”

“அரை வலைல எப்டிபா இறால் புடிக்கிறது?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“வருசம் வுட்டு வருசம் குடுக்கலாம்.”

“அப்போ எந்த வருசம் ஆம்பள?”

ஒரு பெண்ணின் அடிவயிற்றை ஏரியைப் போலக் கூறு போட்டார்கள். முகத்தில் துளி வன்மம் இல்லை. நியாயமாக நடந்துகொள்ளும் பூரிப்புதான் இருந்தது.

பிரபாகரனுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. “அதெல்லாம் சரி. இன்னா பண்ணிக்கினான்னு நமக்கு எப்டித் தெரியும்?”

“யாரு பாக்கப் போறது?” என்றாள் ஐஸ்வர்யா. “நீ வரியா பிரபாகரா? பெரிப்பா, நீங்க?”

சகாதேவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சேச்சே. யாரும் பாக்க வேணாம். நீ வந்து வாயால சொன்னாப் போதும். உன் வாக்கு. ஊரு உன்ன நம்புது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். தங்கள் பெருந்தன்மையில் தாங்களே நெகிழ்ந்தபடி வீட்டுக்குப் போனார்கள். நம்பிக்கை என்ற சொல்லை இவ்வளவு கேவலமான வேலைக்கு யாரும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

5

அப்படியானால் அவளுக்கு என்னதான் வேண்டும்?

சொன்னாள். படகில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே, மூன்றில் எது, ஏன் என்று சொன்னாள். அது இந்த இடத்தில் ஒரு பத்தியாக இருந்தது. இந்தக் கதையிலேயே நன்றாக வந்த பத்தி அது.

[எடுத்துவிட்டேன்.]

அதற்குப் பிறகு அவள் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தாள்:

“பாட்டுக்காவ சின்னது பண்ணிக்கினேன்னு வெய்யி. காலம்பூரா குளிக்க சொல்லோ குனிஞ்சி பாத்தா, இது ஊரு வெட்டுனதுன்னு தோணும். வீம்புக்குப் பெருசு பண்ணிக்கினாலும் அதுவும் ஊரு வெட்டுனதுதான். எனக்கு இன்னா வேணும்னு ஊரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நல்லாத் தெரியும்ணா. இப்போ நானே ஒவ்வொரு தபாவும் அத்தத் தேட வேண்டிக்கீது. நான் எடுக்கற முடிவு என்னுதா, அவனுங்களுதா? அதாண்ணா ஆத்திரம். பாடுகூட ரெண்டாவதுதான்.”

என் பங்குக்கு இதில் சேர்க்க ஒன்றுமில்லை. எழுத்தாளன் அடிக்கடி அடைய வேண்டிய நிலை அது.

6

முடிவுகள்.

ஹேமந்துக்கு: அவள் பெரிய சிகிச்சை செய்துகொள்கிறாள். ஊர் மனம் மாறுகிறது. சகாதேவன், “மகளே” என்று –

டாக்டருக்கு: அவள் சின்னதைச் செய்துகொண்டு, நடைமுறைக்கு ஏற்ற வாழ்க்கையை –

பிரபாகரனுக்கு: அரைப் பாடு. ஊர் அவனுக்குப் பொன்னாடை –

இனி நடந்தது. ஐஸ்வர்யா சென்னைக்குப் போனாள். அவள் அப்பா கங்காதரனும் கூடப் போனார். சீட்டுக் குலுக்கும் நாளுக்கு முன்னால் திரும்பி வந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். மெதுவாக நடந்தாள். மூன்றில் எது நடந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பாள், துப்பு தேடாதீர்கள்.

கோயில் முன்னால் குடத்தில் சீட்டுகள். எல்லாத் தலைக்கட்டும் கூடியிருந்தது.

“சொல்லும்மா தம்பி,” என்றார் சகாதேவன்.

“சொல்ல மாட்டேன் பெரிப்பா.”

“வாக்கு போதும்னுதான சொன்னோம்.”

“வாக்கு என்னுது. குடுக்கல.”

“சொன்னாத்தான் சீட்டு.”

அவள் எழுந்து போகவில்லை. அழவில்லை, சாபம் விடவில்லை. மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எழுந்தது கங்காதரன்தான். துழாவி நடந்து வந்து குடத்தின் வாயில் கையை வைத்து மூடிக்கொண்டார். அந்த ஊரில் ஒரு தலைக்கட்டு மறித்தாலும் குலுக்கல் நடக்கக் கூடாது. பாட்டை ‘மகனுக்கு’ விட்டுக்கொடுத்தாலும் மறிக்கும் உரிமை அவரிடம்தான் இருந்தது. அதை அதுவரை யாரும் கையில் எடுத்ததில்லை.

“எம்புள்ள சீட்டு உள்ள வுழுவாம குலுக்காதீங்க,” என்றார்.

“கங்காதரா, உனக்காவது தெரியுமாபா? இன்னாதான் பண்ணிச்சி?”

“தெரியாது.”

“ஆஸ்பத்திரில கூடவே இருந்தியே.”

“இருந்தேன். வலிக்குதான்னு கேட்டேன். வலிக்குதுன்னு சொல்லிச்சி. வேற இன்னாத்தக் கேக்கறது?”

பிரபாகரனிடம்கூடத் தீர்வு இல்லை. குலுக்கல் நின்றுவிட்டது. குலுக்கல் இல்லையென்றால் யாரும் வலை கட்ட முடியாது. கேள்வியை விட்டுவிட்டால் இந்த நிமிடமே எல்லாரும் தண்ணீரில் இறங்கலாம். விடுவதற்குத்தான் மனம் வரவில்லை.

நீங்களும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எடுத்துவிட்டேன் என்று சொன்ன பத்தியில் என்ன இருந்திருக்கும் என்று இப்போதுகூட யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான். தெரியும். சகாதேவனுக்கும் அதே அக்கறைதான்.

ஹேமந்த் முடிவு கேட்டு போன் செய்துகொண்டே இருக்கிறார். ஏரியில் நீர் ஏறுகிறது, இறால் வந்துகொண்டிருக்கிறது, ஒரு படகும் அவிழவில்லை. கிழவர் கையை எடுக்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை இவர்களெல்லாம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம். நிறுத்திவிட்டால் யாராவது ஏதாவது செய்தாக வேண்டும்.

நிறுத்துகிறேன்.