பார்த்தால் மட்டும் இருக்கும் கை

1.
இந்தக் கதை ஒரு சட்டைப் பொத்தானில் பிறந்தது. இருட்டில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். விரல் தானாகவே பொத்தான்துளையைக் கண்டுபிடித்தது. அட, அதுக்கு யார் வழி சொன்னது? தோலும் தசையும் மூட்டும் ஓயாமல் மூளைக்குச் சேதி அனுப்புகின்றனவாம்: கை இங்கே, முழங்கால் மடங்கியிருக்கிறது, பிடி தளர்கிறது. அந்தச் சேதி நின்றுபோன ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு நித்திரை போயிற்று.

2.
முதல் தொடக்கம்: "குருநகரில் அன்று கடல்…" வேண்டாம். யாழ்ப்பாணத்துக் குருநகரென்றால் எல்லாரும் கடலில்தான் தொடங்குவார்கள்.

மறுபடி. 1992, போர்க்காலம். யாகப்புவின் மனைவி சிசிலியாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது கைகால்களையும் கொண்டுபோய்விட்டது. (இல்லை, கைகால் இருந்தன, பலமும் இருந்தது. பார்க்காவிட்டால் அவை எங்கே என்று அவளுக்குத் தெரியாது.)

"கைக்கு ஒண்டுமில்லை பிள்ளை," என்றார் டாக்குத்தர். "கை எங்கை நிக்குது, என்னத்தைப் பிடிச்சிருக்குதெண்டு மூளைக்குச் சொல்லுற நரம்புதான் பழுதாப்போச்சு. இனிக் கண்ணாலை பாத்துத்தான் எல்லாம் செய்யவேணும்."

பார்த்துப் பார்த்துத் தேங்காய் துருவினாள். பார்த்துப் பார்த்துக் கைக்குழந்தை றோஸைத் தூக்கினாள்.

3.
மாமியார் லூர்த்தம்மாவை முதலில் கொடுமைக்காரியாக எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். பாவம், அவருக்குச் செபமென்றால் கண் மூடவேண்டும், அவ்வளவுதான். மாலைச் செபத்தில் முழந்தாளில் நின்று கண்ணை மூடியதும் சிசிலியா சரிந்து விழுந்தாள்.*

"செபத்திலை விழுறதெண்டால் உது பேய்க்குணந்தான்!"

"பாக்காட்டில் கைகால் எங்கையெண்டு எனக்குத் தெரியாது மாமி," என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டு செபித்தாள். அது இன்னும் பெரிய குற்றமாயிற்று. "மாதாவைப் பாக்காமல் தன்ரை கையையெல்லோ பாத்துக்கொண்டு நிக்கிறாள்!"

(*நீங்கள் எழுந்து நின்று கண்ணை மூடிப் பாருங்கள். விழமாட்டீர்கள். உங்கள் கால்கள் மூளையிடம் கோள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.)

4.
மாரிகாலம், பகல். குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. யாகப்பு வீட்டில் இல்லை. (அவனை வரவழைத்தும் எழுதிப் பார்த்தேன், கதை கெட்டுப்போயிற்று.) குழந்தையோடு சிசிலியா முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் இறங்கினாள். பின்னால் இறங்கிய லூர்த்தம்மா வழுக்கி விழுந்தார், தோள்மூட்டு விலகிவிட்டது. கிட்டவே குண்டு விழுந்து, வாசலில் அடுக்கிய மண்மூட்டைகள் சரிந்து வழியை அடைத்தன. உள்ளே கும்மிருட்டு. ஒடுங்கிய குழியின் சுவரில் சாய்ந்து நின்றதால்தான் சிசிலியா விழவில்லை. கீழே முழங்காலளவு மழைத் தண்ணீர்.

"மாமி, பிள்ளை என்ரை கையிலை இருக்கோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நீதானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்!"

"தெரியேல்லை மாமி. பாத்தால்தான் எனக்குத் தெரியும்."

லூர்த்தம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என் தெய்வமே, இவ்வளவு நாளும் இவள் இதைத்தானே சொன்னாள்!

5.
முடிவு அ: பொம்மர் போய்விட்டது, எல்லாரும்… பொய்.

முடிவு ஆ: தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்… இதை என்னால் எழுத முடியாது.

முடிவு இ: பங்கர்ச் சுவர்ப் பொந்தில் ஒரு தகரப்பேணி இருந்தது. அதற்குள் நெருப்புப்பெட்டியும், கோயிலில் மந்திரித்த மெழுகுதிரித் துண்டொன்றும். சாகும் நேரத்தில் தன் தலைமாட்டில் கொளுத்தவென்று லூர்த்தம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்தது. பெட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் குச்சியை உரசினார்.

வெளிச்சம் வந்தது. றோஸ் கையில்தான் இருந்தாள். ஒரு பக்கம் நழுவி, கால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிசிலியா பார்த்தாள், பிடி இறுகியது.

"பார் பிள்ளை. கையையே பார். மாதா கோவிக்கமாட்டா."

பொம்மர் திரும்பவும் சுற்றுகிறது. மெழுகுதிரியோ சின்னத் துண்டு. அது அணைகிற வரியை நான் எழுதப்போவதில்லை. சிசிலியா தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்களும் இந்த வரியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.