எல்லோருக்கும் தமிழில் வந்த அறிவிப்பு

படகு நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அலுவலகத்தில் மின்னல் என்று பெயர். நடையானாலும் பேச்சானாலும் அவளுக்கு நிதானம் என்பதே கிடையாது. அதே தளத்தின் தமிழ்ப் பக்கங்களை எழுதுகிறவர் அவள் கணவனின் அக்கா. வீட்டில் மாடியும் கீழுமாக இருந்த இருவருக்கும் அலுவலகத்தில் எதிரெதிர் மேஜை. விடிந்தால் அடைந்தால் நாத்தனார் முகம்தான் என்று மின்னல் எல்லோரிடமும் அலுத்துக்கொள்வாள். நாத்தனாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு ஆட்களிடம்.

தளம் நான்கு மொழிகளில் இருந்தது. தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் பெரிய விஷயம்.

"அந்தப் பத்துல ஒண்ணு நீங்க, அண்ணி," என்று மின்னல் சீண்டுவாள்.

"இருக்கட்டுமே. மீதி ஒன்பது பேர் மனுஷங்க இல்லையா?" என்பார் அண்ணி, தலையைத் தூக்காமலே.

பக்கம் திறப்பதற்குள் படகே கிளம்பிவிடுகிறது என்று பயணிகள் புகார் எழுத, மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மின்னல் ஒரே நாளில் வழி பண்ணினாள். மேலே வரும் தலைப்பு, நடுவில் வரும் அன்றைய அறிவிப்பு, கீழே வரும் சாமான் விதிகள் என்று எல்லோருக்கும் பொதுவான துண்டுகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்காமல், ஒருமுறை தயாரித்ததைப் பெயரிட்டுச் சேமித்து வைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே எடுத்து நீட்டும்படி செய்தாள். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும்; அதற்குப் பிறகு முதலில் வருகிறவருக்காகப் புதியது தயாராகும். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. மேனேஜர் சிரித்தே விட்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு டிக்கெட் கவுன்ட்டர்க்காரர் போன் பண்ணினார். "ஏம்மா மின்னல், எந்த மொழியில பார்த்தாலும் அறிவிப்பு மட்டும் தமிழ்ல வருதாம். ஆளாளுக்குப் போனை நீட்டி அர்த்தம் கேக்குறாங்க. நான் டிக்கெட் குடுக்கவா, பாடம் நடத்தவா?"

வீட்டு வேலைகளை அடித்துப் பிடித்து முடித்துவிட்டு அவள் பத்தேகாலுக்கு அலுவலகம் போய்ப் பார்த்தால், ஆங்கிலப் பக்கத்தில் அறிவிப்பு ஆங்கிலத்திலேயே ஒழுங்காக இருந்தது. இரண்டாம் நாளும் இதே கதை. மூன்றாம் நாள், படகு மேடை மாறிய அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் நாற்பது பேர் தப்பான மேடையில் நின்று படகைக் கோட்டை விட்டார்கள். மேனேஜர் மேஜைக்கே வந்து நின்றார். மின்னலுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அண்ணி, நீங்கதான் காலையில தமிழைக் கொண்டுபோய் எல்லா மொழிப் பக்கத்துலயும் போட்டுட்டு, அப்புறம் சத்தமில்லாம மாத்திடுறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. "அந்த வித்தையெல்லாம் தெரிஞ்சா நான் ஏன்மா உன்னை நம்பி உக்காந்திருக்கேன்?" என்றவர், மறுபடி தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் வீட்டில் மின்னலைத் தாண்டிக்கொண்டு மாடி ஏறினார். மின்னலின் கணவன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று மறுநாள் காலை ஆறு மணிக்கு மின்னல் பூனை நடை நடந்து மாடி ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காபியும் மறு கையில் போனுமாக, தான் எழுதிய அன்றைய அறிவிப்பை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஊர் எழும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுவது அவர் வழக்கம். வேறெதையும் அவர் தொடவில்லை.

மின்னல் தன் போனில் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தாள். அறிவிப்பு தமிழில் இருந்தது.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைப்புக்கும் விதிகளுக்கும் மொழியையும் சேர்த்துப் பெயர் வைத்தவள், நடுத்துண்டுக்கு அவசரத்தில் வெறும் 'அறிவிப்பு' என்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆறு மணிக்கு முதல் ஆளாக அண்ணி வர, அவருக்காகத் தயாரான தமிழே பத்து மணி வரை எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஆங்கிலத்தில் படிக்கிற யாராவது முந்திக்கொள்வார். அப்புறம் எல்லோருக்கும் ஆங்கிலம். அவள் ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஒழுங்கு என்று நம்பியிருக்கிறாள்!

"என்ன, திருடியைப் பிடிச்சாச்சா?" அண்ணியின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"பிடிச்சாச்சு அண்ணி. நான்தான்."

அண்ணி வெளியே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "மூணு நாளா அத்தனை ஜனமும் என் தமிழைத்தான் பார்த்துச்சா?"

"ஆமா."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா எழுதியிருப்பேனே!"

மின்னலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மன்னிச்சிடுங்க அண்ணி."

"இங்க சொன்னா போதாது. எங்க கேட்டியோ அங்க சொல்லு."

படியில் உட்கார்ந்தபடியே பத்து நிமிடத்தில் பெயரைத் திருத்தினாள் மின்னல். அலுவலகத்தில் மேனேஜர், கணக்குப்பிள்ளை எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று, தப்பு தன்னுடையதுதான் என்று சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினாள்.

இரண்டு நாள் கழித்து கவுன்ட்டர்க்காரர் மறுபடி கூப்பிட்டார். "அந்தத் தமிழ் எங்கம்மா போச்சு? ஏழெட்டுப் பேர் வந்து கேட்டுட்டாங்க. வருஷக்கணக்கா படகுல போறவங்க, தமிழ்ல பக்கம் இருக்கறதே தெரியாதாம்."

மின்னல் தளத்தின் பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு அளவு எழுத்தில், மொழி மாற்றும் பொத்தான் கிடந்தது. அங்கே வைத்ததும் அவள்தான். அதை உச்சிக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக வைத்தாள்.

ஒரே வாரத்தில், ஒரு நாளைக்கு இருநூறு பேர் தமிழில் படிக்க ஆரம்பித்தார்கள். படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? நாய்க்குட்டியைக் கூட்டி வரலாமா, ஜன்னலோரம் கிடைக்குமா என்று கேள்விகள் குவிந்தன.

"என்னை நிம்மதியா இருக்க விடமாட்டேன்னு கங்கணம் கட்டிட்டியா?" என்று திட்டியபடியே அண்ணி ஒவ்வொன்றுக்கும் நுணுக்கி நுணுக்கிப் பதில் எழுதினார். மின்னல் எதிர் மேஜையிலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பாதியை இந்தப் பக்கம் தள்ளுங்க அண்ணி," என்றாள்.