சர்வீஸ் ஏரியாவுக்கு வெளியே

கரண்ட் போகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சப் ஸ்டேஷனில் ஏதோ வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ராபர்ட்சன்பேட்டை, நாங்கள் இருக்கிற மைசூர் மைன்ஸ், சுற்றுவட்டாரம் எங்கேயும் சப்ளை கிடையாது. மற்றவர்களுக்கு அது மிக்ஸி ஓடாத நாள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் அன்றைக்கு நான் சவாரிக்குப் போகவில்லை.

நான் எலெக்ட்ரிக் ஆட்டோ ஓட்டுகிறேன். பெயர் ரெபேக்கா. "பொம்பள ஓட்டறதா?" என்று ஏறாமல் போனவர்கள் நிறையப் பேர். போகட்டும், வெயிலில் நடந்தது அவர்கள் கால்தான். அப்பா சுந்தரராஜ், கோலார் தங்க மைன்ஸ் மூடுகிறவரைக்கும் அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்தவர். கல்தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கிலிருந்து எடுத்தால், பாத்ரூம் போய் வருவதற்குள் உதடு நீலமாகிவிடும். அந்த மெஷின் ராத்திரி பகல் உறுமிக்கொண்டே இருக்கும். "இந்த டப்பா என்னவிட நல்லா மூச்சு வுடுது பாரு" என்பார் அப்பா. சிரிப்பார், சிரித்ததற்கு இருமுவார், நான் திட்டுவேன்.

முன்பெல்லாம் கரண்ட் போனால் சிலிண்டர். கோலார் வரைக்கும் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும், நாயாய் அலைந்திருக்கிறேன். ஆட்டோ வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. எலெக்ட்ரீஷியன் ரோனி வந்து, ஆட்டோவின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு சின்ன இன்வெர்ட்டரில் மாட்டிக் கொடுத்தான். கரண்ட் போனால் ஆட்டோவை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியது, ஒயரை உள்ளே விட வேண்டியது, மெஷின் ஓடும். பேட்டரி இறங்கிப்போனால் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு நிரம்பினதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி நம்முடையது இல்லை, கம்பெனியுடையது. வண்டி ஓட்டுவதற்கு மட்டும்தான் அது என்று அவர்கள் சொல்லித்தான் கொடுத்தார்கள். தெரியும். தெரிந்துதான் செய்தேன். இப்போதும் செய்வேன். ஒரு வருஷமாக ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சிலிண்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் கரண்ட் போனதும் வழக்கம்போல ஒயரை மாட்டினேன். மெஷின் பீப் என்றது, ஓடத் தொடங்கியது. அப்பாவுக்கு ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். நான் சவாரிக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்காது.

"போ பாப்பா. ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வா. நான் இன்னா ஓடியா போறேன்?"

"வண்டி போனா ஒயரும் கூடப் போயிடும் டாடி. பேசாம சாப்பிடு."

அவர் ஒரு வாய் வாங்கினார். அடுத்த வாய்க்குக் கையை நீட்டும்போது மெஷின் நின்றது.

வெளியே ஓடினேன். ஆட்டோவின் டிஸ்ப்ளேயில் சிவப்பாக ஒரு பூட்டுப் படம். பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. சாவியைத் திருப்பினேன், அசையவில்லை. கழற்றி மாட்டினேன், அசையவில்லை. எங்கள் ஆட்டோவில் பேட்டரிக்குள்ளேயே சிம் கார்டு இருக்கிறது, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பூட்டவும் முடியும், திறக்கவும் முடியும். தவணை கட்டாதவர்களுக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு நாளும் பாக்கி வைத்தவள் இல்லை. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன்.

எடுத்தது மனுஷி இல்லை. பெண் குரலில் பேசுகிற மெஷின். முதலில் கன்னடத்தில் பேசியது, நான் தமிழில் கத்தியதும் அதுவும் தமிழுக்கு மாறிக்கொண்டது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ்.

"உங்கள் வாகனம் சர்வீஸ் ஏரியாவுக்கு வெளியே, குடியிருப்பு இல்லாத சுரங்க நிலத்தில் நிற்கிறது. நிற்கும் வாகனத்திலிருந்து மின்சாரம் எடுக்கப்படுவதால், திருட்டைத் தடுக்கப் பேட்டரி பூட்டப்பட்டுள்ளது. கவலை வேண்டாம். உங்கள் பேட்டரி பாதுகாப்பாக இருக்கிறது."

"பேட்டரி கெட்டுது போ. ஆளில்லாத எடமா இது? அப்போ நான் இன்னா பேயா? இங்க எங்கப்பா மூச்சு வுட முடியாம கெடக்கறாரு. தொற."

"உங்கள் சிரமம் புரிகிறது."

"இன்னா புரியுது? சொல்லு, உனக்கு இன்னா புரியுது?"

அது கொஞ்சம் யோசிப்பதுபோல நிறுத்திவிட்டு, "உங்கள் சிரமம் புரிகிறது" என்றது. எப்போது திறக்கும் என்று கேட்டேன். வாகனம் சர்வீஸ் ஏரியாவுக்குள் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும் என்றது. பூட்டின வண்டி எப்படியம்மா வரும் என்றேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. மனுஷங்க யாராவது இருந்தால் கொடு என்று கெஞ்சினேன். ஆமாம், மெஷினிடம் கெஞ்சினேன். எங்கள் அதிகாரி விரைவில் உங்களை அழைப்பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

ஆப்பைத் திறந்து மேப் பார்த்தேன். ராபர்ட்சன்பேட்டை முழுக்கப் பச்சை. பச்சை ரயில்வே கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கேட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் சாம்பல் நிறம். போன மாதம் வரைக்கும் இந்தப் பக்கமும் பச்சையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒயர் மாட்டினது அன்றைக்குத்தான். சாம்பலுக்குள் சுரங்கத்தில் இறங்குகிற ஷாஃப்டுகள் இருக்கின்றன, தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டின சயனைடு மேடுகள் இருக்கின்றன, தொழிலாளிகளுக்கு மைன்ஸ் கட்டின எங்கள் லைன் வீடுகளில் ஒன்றுகூட இல்லை. நான் ஞானஸ்நானம் வாங்கிய சர்ச் இல்லை. தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம், ஆனால் நிலம் மைன்ஸுடையது, யாரிடமும் பட்டா கிடையாது. பட்டா இல்லாத வீட்டை எவன் படத்தில் போடுவான்.

உள்ளே அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. 108-க்கு அடித்தேன், பங்காருப்பேட்டையிலிருந்து வண்டி வர வேண்டும் என்றார்கள். பெட்ரோல் ஆட்டோ வைத்திருக்கிற ஹரோல்டுக்கு அடித்தேன். "பூதிகோட்டைல கீறேன் ரெபேக்கா, இதோ கெளம்பிட்டேன்" என்றான். அத்தனை தூரத்திலிருந்து அவன் கிளம்பி என்ன பிரயோஜனம். ஒரு பைக் கிடைத்தால் போதும். ஆனால் பகல் நேரத்தில் எங்கள் லைனில் பைக் ஏது? ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், பைக்குகள் ஸ்டேஷன் ஸ்டாண்டில் பூட்டிக் கிடக்கும். லைனில் மிஞ்சுவது பென்ஷன்காரர்களும் நாய்களும்தான்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தங்கவேலு அண்ணன் ஓடி வந்தார். அவரும் மைன்ஸில் இருந்தவர்தான், அப்பாவுக்கு ஜூனியர். பின்னாலேயே அவர் மனைவி கிருஷ்ணம்மா அக்கா.

"கேட்டத் தாண்டினா வேல செய்யும்ணா. தள்ளிகினு போயிடலாம்" என்றேன்.

"கேட் வரைக்குமா? ஏத்தம் கீதே, ரெபேக்கா."

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நல்லவேளை, சக்கரத்தை அவர்கள் பூட்டவில்லை. அப்பாவை இரண்டு பேருமாகத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். அத்தனை லேசாகிப்போயிருந்தார். கிருஷ்ணம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு அட்டையால் விசிறினார். மெஷினையும் இன்வெர்ட்டரையும் அவர்கள் காலடியில் வைத்து ஒயரை மாட்டினேன், குழாயை அப்பாவின் மூக்கில் செருகினேன். பேட்டரி திறந்த நிமிஷமே காற்று வர வேண்டும் என்று கணக்கு.

தங்கவேலு அண்ணன் பின்னால் தள்ள, நான் பக்கத்தில் நடந்தபடி ஒரு கையால் ஹேண்டிலைத் திருப்பி, ஒரு கையால் தள்ளினேன். லைன் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் சுலபமாகப் போனது. சர்ச்சைத் தாண்டினோம். ஆண்டவரே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு மூச்சு மிச்சமில்லை. அப்புறம் ரோடு குண்டும் குழியும். முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறமாட்டேன் என்றது. அண்ணனுக்குக் கால் வழுக்கியது, முட்டி பெயர்ந்து ரத்தம். துடைக்காமல் எழுந்து தள்ளினார். எனக்குக் கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது, தொண்டை காய்ந்து என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

ஏற்றத்துக்குக் கீழே வந்ததும் உள்ளேயிருந்து அப்பா கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார்.

"பாப்பா... நில்லு. கொஞ்சம்... மூச்சு வாங்கிக்கோ."

இந்த மனுஷனை என்ன செய்வது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வாய மூடிகினு இரு டாடி. பேசாத பேசாதன்னு எத்தன வாட்டி சொல்றது உனக்கு?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

ஏற்றத்தில் பாதி வரைக்கும் போய்ப் பின்னால் சரிந்தோம். கல் எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து மறுபடி தள்ளினோம். எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் மாட்டை விட்டுவிட்டு வந்து கை கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் ஓய்ந்துவிடும் என்று பயம். அட்டை விசிறுகிற சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது, அது போதும் என்று நினைத்தேன்.

மேடு ஏறினதும் கேட் தெரிந்தது. திறந்துதான் இருந்தது. வண்டி தண்டவாளத்தின் மேல் குலுங்கி அந்தப் பக்கம் இறங்கியது. இறங்கிக் கொஞ்சம் போனதும் டிஸ்ப்ளேயில் சிவப்புப் பூட்டு போய்ப் பச்சை வந்தது. மெஷின் பீப் என்றது. உறுமியது.

"வந்துச்சு. வந்துச்சு ரெபேக்கா" என்றார் அண்ணன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் உள்ளே குனிந்தேன். அப்பாவின் தலை அக்காவின் தோளில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மூக்கில் குழாய் சரியாகத்தான் இருந்தது, காற்று போய்க்கொண்டுதான் இருந்தது. நெஞ்சு அசையவில்லை. கன்னத்தைத் தட்டினேன், டாடி டாடி என்று கூப்பிட்டேன், நெஞ்சில் கையை வைத்து அழுத்தினேன். கிருஷ்ணம்மா அக்கா இன்னும் விசிறிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுது அழுது வீங்கியிருந்தது.

"எப்பக்கா?"

"ஏத்தத்துல. முட்டுக் கொடுத்தீங்களே, அப்போ."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ தள்ளிகினே இருந்தியேம்மா" என்றார். "எப்படிச் சொல்றது?"

அண்ணன் எழுந்து வந்து பார்த்தார். மெஷினின் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்ணா. ஓடட்டும்."

டிரைவர் சீட்டில் ஏறி ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பஜாரில் கடைக்காரர்கள் கரண்ட் இல்லாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சவாரிக்குக் கை காட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் போன் அடித்தது. இந்தத் தடவை நிஜமான பெண். சின்ன வயசு. பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம்.

"மேடம், லேட்டுக்கு சாரி. நீங்க கம்ப்ளெய்ண்ட் பண்ணியிருந்தீங்க இல்ல? இங்க பாக்கறேன், இப்ப உங்க வண்டி சர்வீஸ் ஏரியாவுக்குள்ள வந்துடுச்சு. ஓடுதா மேடம்?"

பின்னால் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஓடுதும்மா" என்றேன். "நல்லா ஓடுது."