கடைசி அத்தியாயத்தில் முட்டை பொரித்தவள்

அடிக்கிற கணவனை விட்டு வெளியேறிய நாளிலிருந்து அக்கா தங்கையின் வீட்டில்தான் இருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போட்டாள். மகள் மட்டும் தந்தையிடமே வளர்ந்தாள். இப்போது அவளுக்கு விவரம் தெரிந்த வயது. யாரிடம் இருப்பது என்பதை அவளே சொல்லலாம்.

"நான் ஏன் வந்தேன்னு வாயால சொன்னா அவளுக்கு ஏறாதுடி. நீ கதையா எழுது. படிச்சா புரிஞ்சுக்குவா" என்று நச்சரித்துத் தங்கையை நாவல் எழுத வைத்தவளும் அக்காதான்.

பதிப்பாசிரியர் எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்தே படிப்பவர். ஒரு பெண் பாத்திரத்தின் உயரம் அவள் முடிவில்தான் தெரியும் என்பது அவர் கொள்கை.

"என்னம்மா இது? புருஷனை விட்டு வந்தவ முட்டை பொரிச்சுத் தின்னுட்டு, காலை நீட்டித் தூங்குறா?"

"அவ நிம்மதியா தூங்குறதுதான் சார் கதையே."

"புராணத்துல எவளாவது தூங்கினாளா? ஒருத்தி கல்லானா, ஒருத்தியப் பூமி வாங்கிக்கிச்சு. அதெல்லாம் நம்ம வாசகன் ரத்தத்துல ஊறிக் கிடக்கு. இவளைத் தீயில இறக்குங்க. மகளுக்காக இறங்கட்டும். கையெடுத்துக் கும்பிடுவான். இல்லேன்னா இந்தக் காகிதக் கட்டை எடுத்துட்டுப் போயிடுங்க."

தங்கை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரே காலையில் அக்காவைத் தீயில் இறக்கினாள். அந்த நாவலிலேயே நன்றாக வந்திருந்தது அந்தப் பகுதிதான் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

அச்சாகி வந்ததைப் படித்த அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அடிப்பாவி! இஸ்திரிப் பெட்டி லேசா பட்டாலே ஊரைக் கூட்டுறவ நான். என்னைப் போய் முழுசாப் பொசுக்கிட்டியே!" பிறகு சிரிப்பு நின்றது. "பிள்ளை படிச்சா என்னடி நினைக்கும்?"

"கதைதானேக்கா."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள், புத்தகத்தை மார்போடு அணைத்தபடி. அக்கா அடுப்பில் முட்டையை ஊற்றிவிட்டு, கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"அப்பா அடிச்சதெல்லாம் படிச்சேன்மா. ராத்திரியெல்லாம் அழுதேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்போ இங்கேயே வந்துடுறியா கண்ணு?"

மகள் அம்மாவை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள். கரண்டியை, எண்ணெய் தெறித்த ரவிக்கையை, சதை போட்டிருந்த கன்னத்தை.

"அந்த அம்மா எனக்காகத் தீயில இறங்கினாங்க. நீங்க நல்லா சாப்பிட்டுட்டு இருக்கீங்க."

அடுப்பில் முட்டை தீய்ந்து புகைந்தது. மகள் சித்தியின் பக்கம் திரும்பிப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"'அம்மாவின் நினைவாக'ன்னு போட்டு ஒரு கையெழுத்து குடுங்க சித்தி. நான் கிளம்பணும்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா அடுப்பை அணைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுடி" என்றாள் திரும்பாமலே. "பிள்ளை கேக்குதுல்ல."

தங்கை எழுதினாள். எழுத்து அழகாகவே விழுந்தது.