ஆத்துக்காரர் ஒலிபரப்பு நிலையம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒரு டெலிவிஷன் நிலையத்தைப் பற்றிய கதை. சின்ன நிலையமாக, உள்ளூர் நிலையமாக, பம்பாய் மாட்டுங்காவில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு, காலத்தை 1948-ல் வைத்தேன். அந்தக் காலத்துப் புடவைகளைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கும். முதல் பக்கம் முடிந்த பிறகுதான் உறைத்தது: பம்பாய்க்கு டெலிவிஷன் வந்தது 1972-ல். அதுவரை காத்திருந்தால் என் கதாநாயகிக்கு ஐம்பது வயது நெருங்கிவிடும்.

காலத்தை மாற்ற மனம் வரவில்லை. நிலையத்தை மாற்றினேன். படம் போயிற்று, குரல் மிஞ்சியது.

2

முதல் தொடக்கம்: "கிங்ஸ் சர்க்கிளில் அன்று பெய்த மழையில்—" (வேண்டாம். மைக் நனையும்.)

இரண்டாவது: "விசாலாக்ஷிக்குக் காலையிலிருந்தே இடது கண்—" (துடிக்கவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?)

மூன்றாவது நின்றது. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு கிராமபோன், ஒரு மைக், ஒரே ஒரு நாற்காலி. அறையிலிருந்து கம்பி இழுத்து, கட்டடங்களின் உச்சியில் நாலு ஒலிபெருக்கிக் குழாய்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை இரண்டு இசைத்தட்டு. பிறகு எந்த ரேஷன் கடையில் அரிசி வந்திருக்கிறது, நாளைக்குக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு, மதராஸ் மெயில் எவ்வளவு லேட், பஸ்ஸில் யார் குடையை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நிலையம்.

நடத்தியவர் பஞ்சாபகேசன். கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, நேரே மாடியேறிவிடுவார். அனுமதிக் காகிதம் அவர் பெயரில் இருந்ததால், தொடக்கத்திலும் முடிவிலும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று வட்டாரச் சங்கத்தின் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் விதித்திருந்தார்: "இது பஞ்சாபகேசன் ஒலிபரப்பு நிலையம், மாட்டுங்கா."

பஞ்சு நல்ல மனிதர். ஆனால் மெயில் நாற்பது நிமிஷம் லேட் என்பதைத் துக்கச் செய்தி மாதிரி வாசிப்பார். அடுத்த கட்டடத்துச் சமையலறையில் அவர் மனைவி விசாலாக்ஷி, பாலக்காட்டிலிருந்து வந்து ஒரு வருஷமானவள், தேங்காய் துருவிக்கொண்டே அதே வரியைத் தன் குரலில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். அவள் சொல்லும்போது மெயில் லேட்டானாலும் எப்படியும் வந்துவிடும் என்று தோன்றும்.

அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அதுதான் அவள் ஆசை. இன்னும் பெரிய ஆசையாக ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

3

ஆகவே பஞ்சுவின் தொண்டையைக் கட்டிப்போட்டேன். (ஆபீஸில் ஐஸ் போட்ட சர்பத். வேறு தீங்கு ஒன்றும் செய்யவில்லை.) குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார்: "நாலு நாள். நீ வாசி."

"நானா? நன்னாருக்கே. எனக்கென்ன தெரியும்?" என்றாள் விசாலாக்ஷி. சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணி. பஞ்சு சுவிட்சைப் போட்டார். விசாலாக்ஷி தாளைப் பார்த்தாள். முதல் வரியின் இரண்டாவது சொல் அவர் பெயர்.

கட்டியவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அவர் ஆயுசுக்கு ஆகாது என்று சொல்லித்தான் அவளைப் பம்பாய்க்கு அனுப்பியிருந்தார்கள். (படித்த வாசகர் சிரிக்கலாம். அவளும் ஹைஸ்கூல் படித்தவள்தான், நம்பியவளில்லை. அதற்காக அவர் ஆயுசை வைத்தா பரீட்சை பண்ணிப் பார்ப்பது?)

ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னாள்: "இது எங்க ஆத்துக்காரர் ஒலிபரப்பு நிலையம், மாட்டுங்கா."

மாட்டுங்கா முழுக்கச் சிரித்தது. பஞ்சுவும் சத்தமில்லாமல் சிரித்தார். மீதி எல்லாவற்றையும் அவள் ஒரு பிசகில்லாமல் வாசித்தாள். ஏழு மணிக்கு முடிக்கும்போதும் அதே வாக்கியம். மறுநாளும் அதே.

4

இங்கே ஒரு சந்தேகம் வந்தது. இது ஒரு வீட்டுக்குள் முடிந்துபோகிற வேடிக்கைதானே? அப்போதுதான் நாலாவது ஒலிபெருக்கிக் குழாய் ஞாபகம் வந்தது. அதை ரயில் பாதை ஓரத்துக் கட்டடத்தின் உச்சியில் கட்டியிருந்தார்கள். அதன் வாய் தாராவியைப் பார்த்திருந்தது.

தாராவியில், மித்தி ஆற்றின் ஓரத்தில், தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தவர் இசக்கிப்பாண்டி. திருநெல்வேலிக்குத் தெற்கே சொந்த ஊர். அவர் ஊரில் புருஷன் என்றால் வீட்டுக்காரர். ஆத்துக்காரர் என்றால் ஆற்றங்கரை ஆள். வேறு அர்த்தம் கிடையாது.

மூன்றாம் நாள் வாசிப்பு முடிந்ததும் மாடியேறி வந்துவிட்டார், கூடவே இரண்டு பேர்.

"அம்மா, நாங்க தாராவியிலேர்ந்து வாறோம். ஆத்துக்காரங்களுக்குன்னு தனியா ஒலிபரப்பு வச்சிருக்கிய. இவ்வளவு நாளும் மாட்டுங்காக்காரங்க பேச்சுன்னு சும்மா இருந்துட்டோம். நம்மள நெனைக்கவும் பம்பாயில ஆளு இருக்கு."

"எந்த ஆறு?" என்றாள் விசாலாக்ஷி.

"என்ன இப்படிக் கேக்கிய? மித்தி ஆறுதான். தாமிரவருணியா இங்க ஓடுது?"

மூலையில் பஞ்சுவின் தோள் குலுங்கியது. அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதில்லை. ஆத்துக்காரர்னா... இவர்," என்று கை காட்டினாள்.

இசக்கிப்பாண்டி திரும்பிப் பார்த்தார். "அப்படியா? சார்வாளும் ஆத்தோரந்தானா? எந்தப் பக்கம், சயான் பக்கமா?"

பஞ்சு ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அதற்கு மேல் விசாலாக்ஷி என்ன விளக்க?

வந்த காரியம் இதுதான். இசக்கிப்பாண்டியின் தம்பி சொரிமுத்துவுக்குப் பெண் குழந்தை. "நாளைக்கு ஆறு மணிக்குப் பேர் விடுதோம். சண்முகவடிவு. குழந்தையைத் தூக்கிட்டு வந்து குழாய்க்குக் கீழ நிப்போம். நீங்க சொல்லுங்க, ஆத்தோரம் பூரா கேக்கட்டும்."

"இவர் சொல்லுவார். அதுக்குள்ள குரல் வந்துடும்."

"வேண்டாம்மா. சார்வா கோவிச்சுக்கிடப்படாது. அவிய சொன்னா மெயிலு லேட்டான மாதிரி இருக்கும்."

5

நாலாம் நாள் காலையில், "விசாலி, காபி," என்று மணி மாதிரி ஒரு குரல் கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு. காபி மட்டும் அன்று சர்க்கரையில்லாமல் போயிற்று. (ரேஷன் தட்டுப்பாடு என்று எழுதித் தப்பித்திருக்கலாம். மறந்துவிட்டாள் என்பதுதான் நிஜம்.)

சாயங்காலம் ஐந்தரைக்குச் செயலாளர் வேங்கடசுப்ரமணியனே மாடிக்கு வந்தார்.

"பஞ்சு, தொண்டை சரியாயிடுத்தோல்லியோ? நல்லதாப் போச்சு. நிலையத்தோட பேரே மாறிப் போச்சு, ஓய். மார்க்கெட்ல காய்கறி விக்கற பாஜிவாலாகூட, ஆத்துக்காரர் எத்தனை மணிக்குன்னு ஹிந்தியில, 'ஆத்துக்காரர் கித்னே பஜே'ங்கறான். இன்னிலேர்ந்து நீரே வாசியும்."

பஞ்சு விசாலாக்ஷியைப் பார்த்தார். அவள் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

6

முடிவு ஒன்று: அவள் நகர்ந்து நின்றாள். பஞ்சு வாசித்தார். மெயில் லேட், குடை ஒன்று, குழந்தை ஒன்று. (எழுதி ஒரு நாள் மேஜையில் வைத்திருந்தேன். சண்முகவடிவு வளர்ந்து வந்து இதைப் படித்தால் என்னை மன்னிக்க மாட்டாள்.)

முடிவு இரண்டு: திங்கள், புதன், வெள்ளி அவர், மற்ற நாள் அவள். எல்லோருக்கும் திருப்தி. (குடும்பக் கதையே எழுதிவரும் என் கை இதைத் தானாகவே எழுதிவிட்டது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு மூன்று: "அந்தச் சமயம் பார்த்துச் செயலாளரின் மனைவி மாடிப்படி ஏறி—" (போதும். இந்தக் கதையில் ஏற்கெனவே நிறையப் பேர் படியேறிவிட்டார்கள்.)

7

நடந்ததாக எனக்குத் தெரிவது இவ்வளவுதான்.

ஆறாக ஒரு நிமிஷம். நாற்காலியில் விசாலாக்ஷி; தாளில் கடைசி வரியாகக் குழந்தையின் பெயரைத் தானே பென்சிலால் எழுதியிருக்கிறாள். ஜன்னலோரம் செயலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி. ரயில் பாதைக்குப் பக்கத்தில் குழந்தையோடு இருபது பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். பஞ்சு பழக்க தோஷத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான், நாற்காலியில் இருப்பது தான் இல்லை என்று உறைக்கிறது. செயலாளர் அவரைப் பார்க்கிறார். அவளும் பார்க்கிறாள்.

பஞ்சு மைக்கின் பக்கம் குனிந்து சொன்னார்: "                                        "

அந்த இடம் உங்களுடையது. எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்துவைத்த என் பேனா, அவர் வாயில் எந்தச் சொல்லை வைத்தாலும் அது என் சொல்லாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிமிஷம் வந்திருக்கும், அங்கேயிருந்து ஒன்றை எடுத்துப் போடுங்கள். நிரப்புமுன் இரண்டே விஷயம். மைக் திறந்திருக்கிறது, நீங்கள் எழுதுவது நாலு குழாயிலும் கேட்கும். இன்னொன்று, விசாலாக்ஷி எழுந்திருக்கவில்லை.